ஒன்பதாம் நாள் எடுத்த அளவு

மூன்றாவது சிவப்பு விழுந்த மறுநாளே பிள்ளைகள் பாதுகாப்புக் குழுவின் கடிதம் வந்துவிட்டது. முப்பது நாளுக்குள் கோபத்துக்கு ஒரு சிகிச்சையாளரைப் பார்த்து, அவர் கையெழுத்திட்ட சான்றிதழைத் தர வேண்டும். தராவிட்டால் என் மகள் ஜோவிட்டா அவளுடைய தாய்மாமன் வீட்டுக்குப் போவாள். அவளுக்கு ஐந்து வயது. என் மனைவி லிடியா நவம்பரில் இறந்தாள். தலையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். இப்போது மார்ச். வீட்டில் நானும் ஜோவிட்டாவும் மட்டும்தான்.

வளை பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு தனியாக இருக்கும் தாயோ தகப்பனோ அதை மணிக்கட்டில் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கோ ஒரு தகப்பன் எதையோ செய்துவிட்டான். அதன் பிறகு வந்த சட்டம். நாடித்துடிப்பு, வியர்வை, குரலின் அழுத்தம் மூன்றையும் வைத்து உள்ளே என்ன ஏறுகிறது என்று வளை கணக்குப் போடும். சாதாரணமாக இருந்தால் பச்சை. ஏறினால் சிவப்பு. மூன்று மாதத்துக்குள் மூன்று சிவப்பு விழுந்தால் கடிதம்.

எனக்குச் சிவப்பு விழுந்த மூன்று முறையும் நான் கோபப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஏறியது. அது என்ன என்று பார்ப்பதற்குள் மணிக்கட்டு சிவந்திருந்தது. சரி, கோபம்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நான் தூத்துக்குடியில் ஓர் உப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உப்பில் எவ்வளவு மெக்னீசியம், எவ்வளவு ஈரம் என்று அளந்து சொல்வது வேலை. கருவி சொன்னால் நம்புவது பழக்கம். என்னைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாமல் போன பிறகு அந்தப் பழக்கம் வசதியாகவும் இருந்தது.

முதல் சிவப்புக்குப் பிறகு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். நெஞ்சில் எதுவாவது அசைந்தால் எழுந்து குளியலறைக்குப் போய்விடுவேன். குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். அடங்கியதும் வெளியே வருவேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஜோவிட்டா நிற்பாள்.

"அப்பா, பச்சை ஆயிடுச்சா?"

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பச்சை என்றால் பக்கத்தில் போகலாம். சிவப்பு என்றால் தள்ளி நின்று மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும்.

கடிதத்தின் நகல் டெரன்ஸுக்கும் போயிருந்தது. லிடியாவின் அண்ணன். மணப்பாட்டில் வீடு, இரண்டு விசைப்படகு. மறுநாள் காலையிலேயே ஒரு பையில் ஊளி மீனோடு வந்து நின்றார். வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"மாப்ள, நீ யாரு மேல கோவப்படுத?"

"தெரியல மச்சான்."

"தெரியலையா? எம் பொண்டாட்டி ரீட்டாட்ட நான் ஒரு நாளைக்கு நாலு தடவ கத்துதேன். எனக்கு இந்த வளையப் போட்டா வெடிச்சிரும். நீ கத்தி நான் கேட்டதே இல்லையே. கல்யாணத்தன்னைக்கு ஃபோட்டோக்காரன் ஒன்னய மூணு மணி நேரம் வெயில்ல நிப்பாட்டுனான். அன்னைக்கே நீ ஒண்ணும் சொல்லல."

அவர் மீனைச் சமையலறைத் தொட்டியில் போட்டார்.

"டிவில சொல்லுதான், மாநிலத்துலயே இந்த வார்டுலதான் சிவப்பு கூடவாம். ஒருத்தன் கடல்காத்துங்கான். ஒருத்தன் கருவாடுங்கான். நாம பேசுறதே சண்டை மாதிரி இருக்காம்." திரும்பிப் பார்த்தார். "இந்தா பாரு. நல்ல ஆளாத் தேடு. முடியலைன்னா பிள்ள நம்ம வீட்டுலதான் இருக்கப் போறா. அந்நியமா?"

"முடியும் மச்சான்."

"முடிஞ்சா சந்தோசம்," என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது என்று எழுத ஆசை. உண்மையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மீனைக் கழுவினேன்.

சிகிச்சையாளர் கிடைப்பது லேசில்லை. அந்தச் சட்டத்துக்குப் பிறகு ஊரில் பாதிப் பேர் தேடுகிறார்கள். பட்டியலில் இருந்த பதினான்கு பேரில் பதினொரு பேருக்கு ஜூன் வரை நேரமில்லை. ஒருவர் இறந்துபோயிருந்தார். அவருடைய எண்ணை அவர் மனைவி எடுத்தார். "கோவமா தம்பி? அவருக்கே தீர்த்து வைக்க ஆளில்லாமதான் போனாரு," என்று வைத்துவிட்டார்.

மிச்சம் இரண்டு. முதலாவது ஆளே இல்லை, செயலி. ஒரு பெண் குரல் காதுக்குள் மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தது. நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. ஆய்வகத்தில் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு செய்தேன். பேருந்து நிறுத்தத்தில் செய்தேன். ஜோவிட்டாவுக்குச் சோறு ஊட்டும்போது செய்தேன். அவளும் கூடவே செய்தாள். பத்தாவது நாள் அந்தக் குரல் சொன்னது: "உங்கள் அமைதி நிலை ஏற்கெனவே மிகச் சிறப்பாக உள்ளது. முன்னேற்றம் தென்படாததால் சான்றிதழ் வழங்க இயலவில்லை."

இரண்டாவது பாளையங்கோட்டையில் ஒரு குழு வகுப்பு. சனிக்கிழமை காலை. ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாக. எட்டு ஆண்கள், எல்லார் கையிலும் வளை. நடத்துகிறவர் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் போல இருந்தார். ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும் என்றார். என்ன நடந்தது, எதனால், இப்போது என்ன நினைக்கிறேன்.

ஒருவன் மச்சினனின் பைக்கைக் கொளுத்தியிருந்தான். ஒருவன் வீட்டுக்காரரின் மூக்கை உடைத்திருந்தான். சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். என் முறை வந்தது.

"பிள்ளைக்கு ஸ்கூல்ல சாக்கு ஓட்டம். கடைசியா வந்தா. வந்துட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினா."

"பொறவு?"

"சிவப்பு விழுந்துச்சு."

பைக்கைக் கொளுத்தியவன், செல்லத்துரை என்று பெயர், முன்னால் குனிந்தான்.

"ஏல, பிள்ள கடைசியா வந்ததுக்கா கோவப்பட்ட? அதுவும் கையாட்டுன பிள்ள மேல? நீயெல்லாம் மனுசனா?"

"தெரியல," என்றேன்.

"மத்த ரெண்டு?"

"ஒரு தடவை அவ அவங்க அம்மா மாதிரி ஃபோன் பேசிக் காமிச்சா. ஒரு தடவை காய்ச்சல் விட்டதும் எழுந்து உட்காந்து தின்ன மக்ரூன் கேட்டா."

"சார்," செல்லத்துரை ஆசிரியரிடம் திரும்பினான். "இவன் பக்கத்துல எனக்கு ஒக்கார பயமா இருக்கு. நான் அங்கிட்டுப் போயிக்கிடுதேன்."

வட்டமே சிரித்தது. ஆனால் இறங்கும்போது மாடிப்படியில் அவன்தான் என்னை நிறுத்தினான். "கேலிக்குச் சொன்னேன் அண்ணாச்சி, மனசுல வைக்காதீரும். காயல்பட்டினத்துல ஒரு அம்மா இருக்கு, ஜுலைகான்னு. பட்டியல்ல இருக்காது. ஆனா அரசாங்கப் பதிவு உண்டு. வளையப் பாக்காது, ஆளப் பாக்கும். என்னயப் பாத்துட்டு, நீ சான்றிதழுக்கு வந்திருக்க, போயிட்டுத் திருந்த வான்னு சொல்லிட்டு. நான் ஓடி வந்துட்டேன்."

அந்த அம்மாளிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கிடைத்தது. அன்று இருபத்துநான்காம் நாள்.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நடந்ததை இங்கே எழுத வேண்டும்.

மேசையில் குழுவுக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒன்பது பக்கம். இதுவரை யார் யாரைப் பார்த்தேன் என்று தேதிவாரியாக. ஜோவிட்டா சீருடையில் வந்து எதிரே ஏறி உட்கார்ந்து பால் தம்ளரை இழுத்தாள். அது சாய்ந்தது. ஏழாம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கம் வரை பால் ஓடியது.

நான் அவள் கன்னத்தில் அறைந்தேன்.

சத்தம் பெரிதாக இருந்தது. நெஞ்சுக்குள் எதுவும் ஏறவில்லை. மூச்சு மாறவில்லை. குடுவையின் மூடியைத் திருகுவதுபோலக் கை போய் வந்தது. அவள் அழவில்லை. முதலில் என் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"பச்சை," என்றாள். இறங்கிப் போய்க் கரித்துணி எடுத்து வந்து மேசையைத் துடைத்தாள். கன்னத்தில் மூன்று விரல் பதிந்திருந்தது. பள்ளிக்கூட வாசலுக்குப் போவதற்குள் மறைந்துவிட்டது.

அன்று முழுவதும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆய்வகத்தில் ஒரே உப்பு மாதிரியை நான்கு முறை அளந்தேன். நான்கு முறையும் ஒரே விடை. வெளியே வந்து உப்புக் குவியல்களைச் சுற்றி நடந்தேன். காவலாளி இரண்டு தடவை "என்ன சார் தேடுதீய?" என்று கேட்டார். சாவி என்றேன். சாவி பையில் இருந்தது.

ஜுலைகாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டின் முன்னறைதான் சிகிச்சை அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, மின்விசிறி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வளையைக் கழட்டி அந்தத் தட்டுல வைங்க."

"கழட்டுனா குழுவுக்குத் தெரிஞ்சுடும் மேடம்."

"சிகிச்சை அறையில கழட்டலாம். சட்டத்திலேயே இருக்கு. இதுவரைக்கும் யாரும் சொல்லலையா?"

"இல்ல."

"அந்த மூணையும் சொல்லுங்க. வளை என்ன சொல்லுச்சுன்னு வேண்டாம். என்ன நடந்துச்சு, அது மட்டும்."

சொன்னேன். ஜனவரியில் ஒரு காலை, ஜோவிட்டா சோப்புப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு இடுப்பில் கை ஊன்றி நடந்தாள். "ஹலோ, லிடியாதான் பேசுறேன். அவரா? அவரு வாயத் தொறந்து பேசிட்டாலும்!" அதே இழுப்பு. அதே கழுத்துத் திருப்பல். நான் குளியலறைக்கு ஓடினேன். பிறகு சாக்கு ஓட்டம். பிறகு மூன்று நாள் காய்ச்சல் விட்ட மத்தியானம், வியர்வையோடு எழுந்து, "மக்ரூன் இருக்கா?" என்று கேட்டது.

ஜுலைகா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல எங்க கோபம்?"

"நெஞ்சுல ஏதோ ஏறுச்சு. வளை சிவந்துச்சு."

"வளை சிவக்கலைன்னா அதுக்கு என்ன பேரு வச்சிருப்பீங்க?"

அப்படி யாரும் கேட்டதில்லை.

அவர் மேசைத் திரையைத் திருப்பி, என் பதிவைத் திறந்து, இரண்டு பக்கம் தள்ளினார். மூன்றாம் பக்கத்தில் ஓர் எண்.

"இது என்ன தெரியுமா? உங்க அடித்தளம். முதன்முதல்ல வளை போட்டப்போ உங்களை அளந்து வச்ச அளவு. அதுல இருந்து இருபத்தஞ்சு ஏறினா சிவப்பு. உங்களுக்குப் பதினொண்ணு போட்டிருக்கு."

"அது குறைவா?"

"சும்மா உட்காந்து டீ குடிக்கிற ஆளுக்கு நாப்பது இருக்கும். தூங்குறவனுக்கு இருபது. பதினொண்ணுல நான் யாரையும் பார்த்ததில்லை." கண்ணாடியை இறக்கினார். "இது எப்ப எடுத்தது?"

லிடியா இறந்த ஒன்பதாம் நாள். ஏழாம் நாள் பூசை முடிந்து இறப்புச் சான்றிதழ் வாங்க வார்டு சேவை மையத்துக்குப் போயிருந்தேன். நீண்ட வரிசை. கவுண்டரில் மாரிச்செல்வி என்று ஒரு பெண். என் தோளில் தூங்கிய ஜோவிட்டாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "சார், நீங்க வரிசைல நிக்காதீய. முன்னால வாங்க." வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு பெரியவர் என் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டார். சான்றிதழ் தந்துவிட்டு அவள் சொன்னாள்: "வளைக்கு அளவெடுக்க, துக்கத்துக்குத் தொண்ணூறு நாள் கழிச்சுத் திரும்ப வரணும் சார். சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு எத்தன நடை அலைவீய? இன்னைக்கே ஒரே நடையில முடிச்சிருவோம்." திரையில் ஒரு கேள்வி வந்தது. இன்று உங்களுக்குச் சாதாரண நாளா? அவளே 'ஆம்' என்று தட்டினாள். "கையை வைங்க சார். ரெண்டு நிமிசம் அசையாம இருங்க."

நான் அசையவே இல்லை.

இதைச் சொல்லி முடித்ததும் ஜுலைகா கேட்டார். "நீங்க உப்பு லேப்லதானே இருக்கீங்க? மாதிரியை அளக்குறதுக்கு முன்னால வெறும் தண்ணியை அளப்பீங்கள்ல?"

"ஆமா. பிளாங்க். அதைக் கழிச்சுத்தான் மத்ததுக்குக் கணக்கு."

"அந்த பிளாங்க் தப்பா இருந்தா?"

"பின்னால வர்ற எல்லா அளவும் தப்பு."

"அவ்வளவுதான். வீட்டுல சாவு விழுந்து ஒம்பது நாள் ஆன மனுசனை வெறும் தண்ணின்னு எடுத்துக்கிட்டாங்க." திரையைத் தட்டினார். "மூணு சிவப்புலயும் நீங்க நாப்பதைத் தாண்டலை. மூணு மாசத்துல மூணே தடவை சாதாரண மனுசனா இருந்திருக்கீங்க. அந்த மூணுக்கும் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சிருக்கீங்க."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். கால் ஆடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். மறுபடி ஆடியது.

"உங்களுக்கு மட்டும் இல்ல," என்றார். "அந்த வார்டுல இருந்து எங்கிட்ட வந்த ஆறாவது ஆள் நீங்க. எல்லாருக்கும் பத்து, பன்னெண்டு. எல்லாரும் பெண்டாட்டியையோ புருசனையோ பறிகொடுத்தவங்க. எல்லாரையும் அந்தப் பொண்ணு வரிசையில முன்னால விட்டிருக்கு. நாலு வருசமா. முந்நூத்துச் சொச்சம் பேரு. பதினொரு பிள்ளைங்க ஏற்கெனவே வேற வீட்டுல இருக்கு."

"அந்தம்மாவுக்கு என்ன ஆகும்?"

"வேலை போகும். நான் எழுதப் போறேன். எழுதலைன்னா அந்தப் பதினொண்ணும் திரும்பாது."

"அவங்க நல்லதுக்குத்தான் செஞ்சாங்க."

"ஆமா," என்றார். "ஒருத்தர் கெட்டது செஞ்சிருந்தா முதல் மாசமே கண்டுபிடிச்சிருப்போம்."

வெள்ளிக்கிழமை மகளோடு வரச் சொன்னார். புதிய அளவு எடுத்து, பழைய மூன்றையும் திருத்தி, அன்றே சான்றிதழ் தருவதாகச் சொன்னார். எழுந்தபோது கேட்டார்: "வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல," என்றேன்.

அந்த மூன்று நாளும் நடந்துகொண்டே இருந்தேன். ஆய்வகத்துக்கு நடந்து போனேன், ஏழு கிலோமீட்டர். வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். ஜோவிட்டா ஒரு கட்டத்தில் என் பின்னாலேயே நடக்கத் தொடங்கினாள். விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். பச்சை எரிந்துகொண்டிருந்ததால் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையைப் பார்த்து நம்பி இவ்வளவு பக்கத்தில் வருகிற பிள்ளை. இனி அடித்தளம் ஏறும். பச்சை இன்னும் அதிக நேரம் எரியும். அவள் இன்னும் பக்கத்தில் வருவாள்.

சொல்லாமல் விட்டால் ஜோவிட்டா என்னோடு இருப்பாள். சொன்னால் போய்விடுவாள். இதில் யோசிக்க வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் மூன்று நாள் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை டெரன்ஸ் தன் காரில் கூட்டிப் போனார். வழியெல்லாம் சந்தோஷமாகக் கத்திக்கொண்டு வந்தார். "பாத்தியா, நான் சொன்னேம்லா? என் மாப்ளைக்குக் கோவமா? அந்த மிசினுக்குத்தான் கோட்டி பிடிச்சிருக்கு!" எதிரே வந்த லாரிக்காரனையும் திட்டினார்.

அளவு எடுக்க அரை மணி நேரம் ஆனது. ஜோவிட்டா தரையில் உட்கார்ந்து ஒரு மீனுக்கு வண்ணம் அடித்தாள். அதற்குக் கால் இருந்தது. என்னிடம் காட்டி, "இது வெளிய வரும்," என்றாள். நான் ஓடவில்லை. உட்கார்ந்திருந்தேன். திரையில் முப்பத்தேழு வந்தது. பழைய மூன்று சிவப்பும் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. ஜுலைகா சான்றிதழை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"முடிஞ்சுது. கூட்டிட்டுப் போங்க."

நான் எழவில்லை. ஜோவிட்டாவை வெளியே மாமாவிடம் போகச் சொன்னேன். கதவு சாத்தியதும், "இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்," என்றேன்.

அவர் கையை உயர்த்தினார்.

"சொல்றதுக்கு முன்னால கேட்டுக்குங்க தம்பி. பிள்ளை சம்பந்தமா நீங்க எதைச் சொன்னாலும் நான் எழுதியாகணும். எழுதினா இந்தக் காகிதம் செல்லாது. இப்பவே எழுந்து போனீங்கன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"திங்கக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, பால் கொட்டினதுக்கு அவளை அடிச்சேன். கன்னத்துல. வளை பச்சையா இருந்துச்சு."

அவர் திரையைப் பார்த்தார். திங்கட்கிழமை, ஏழு நாற்பத்தாறு. பன்னிரண்டு. அதற்கு முன்னும் பன்னிரண்டு. பின்னும் பன்னிரண்டு. கோடு தட்டையாகப் போனது.

ஜோவிட்டாவை உள்ளே கூப்பிட்டார். தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"பால் கொட்டுச்சே, அன்னைக்கு அப்பா என்ன செஞ்சாங்க?"

ஜோவிட்டா என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் செய்யல."

"அடிச்சாங்களா?"

"பச்சையாத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்." வகுப்பில் சரியான விடை சொல்கிற குரலில் சொன்னாள். "கோவம்னா சிவப்பு. அப்பாவுக்குக் கோவம் இல்ல."

ஜுலைகா அவளைத் திரும்ப அனுப்பிவிட்டு நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"வளையும் இல்லைங்குது. பிள்ளையும் இல்லைங்குது."

"நான் அடிச்சேன்."

வேறு ஒரு படிவத்தை எடுத்தார். நேரம் எழுதினார். இடம் எழுதினார். பேனா ஒரு கட்டத்தில் நின்றது. "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. கோபம்னு ஒண்ணுதான் அச்சடிச்சிருக்காங்க. டிக் போட்டா பொய்யாயிடும்."

"வேற என்ன போடலாம்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் நீங்க எங்கிட்ட வரப்போறீங்க. செவ்வாய்தோறும்." கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் கையால் எழுதினார்: 'அடித்தார். தானே சொன்னார்.' பிறகு என்னிடம் சொன்னார்: "மூணு மாசம் மாமா வீட்டுல இருப்பா. ஞாயித்துக்கிழமை நீங்க போய்ப் பார்க்கலாம். அதுக்கப்புறம் நான் எழுதுறதைப் பொறுத்து."

கையெழுத்துப் போட்டேன். சான்றிதழை அவர் இரண்டாகக் கிழித்தார்.

வெளியே டெரன்ஸ் காரில் சாய்ந்து நின்றார். ஜோவிட்டா முன் இருக்கையில் ஏறி ஹாரனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுட்டா?"

"கிடைச்சுது மச்சான். பிள்ளைக்குத் துணி எடுக்கணும். மூணு மாசத்துக்கு."

"எதுக்கு?"

சொன்னேன். நின்ற இடத்திலேயே, முழுவதும்.

அவர் என் சட்டையைப் பிடித்தார். "எல, பிள்ளைய அடிச்சியா? பாலு கொட்டுனதுக்கா? தாயில்லாத பிள்ளைய?" தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கடைக்காரர் வெளியே வந்தார். டெரன்ஸின் முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்தது. கை ஓங்கியது. ஓங்கிய இடத்திலேயே நின்றது. பிறகு இறங்கி, என் காலரைச் சரி செய்தது. அதைச் செய்தது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அதப் போயி அந்தம்மாட்ட சொல்லியிருக்க! சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? மடையா. காலைல ஏதாவது தின்னியா நீ?"

"இல்ல."

"ஏறு வண்டில."

பின் இருக்கையில் ஏறினேன். அவர் கதவை அறைந்து சாத்தினார். முன்னால் ஜோவிட்டாவுக்கு பெல்ட்டை மெதுவாக மாட்டினார், கழுத்தில் உரசாமல் துண்டை மடித்து வைத்தார். ஆறுமுகநேரியில் நிறுத்தி ஒரு பொட்டலம் பரோட்டா வாங்கி என் மடியில் எறிந்தார். வழி முழுக்கத் திட்டினார். என்னை, என் அப்பாவை, சட்டம் போட்டவனை, லிடியாவை இவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொண்டவரை. அவள் பெயர் வந்தபோது குரல் உடைந்தது. அதற்காக இன்னும் சத்தமாகத் திட்டினார். ஸ்டியரிங்கில் குத்தினார்.

உப்பளம் வருவதற்குள் ஜோவிட்டா தூங்கிவிட்டாள். அந்தச் சத்தத்திலேயே, வாயைத் திறந்து, அவர் கை மேல் தலை சாய்த்து.